கலைப் பட்டத்துக்காகச் சீதனக் காணியை ஈடு வைக்கலாமா?

கோண்டாவில் தகப்பன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எனது மூத்த மகள் உயர்தரப் பரீட்சையைக் கலைப் பிரிவில் இரண்டு தடவைகள் எழுதினாள். இரண்டாம் தடவை ஒரு பி, இரண்டு சி கிடைத்தன. ஆனாலும் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. இப்போது யாழ்ப்பாண நகரத்திலுள்ள ஒரு தனியார் கல்வி நிறுவனம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் கலைப் பட்டத்தை மூன்று ஆண்டுகளில் இங்கிருந்தே படித்து முடிக்கலாம் என்கிறது. ஆங்கிலமும் ஊடகமும் சேர்ந்த பட்டம் அது. பதிவு, பரீட்சைக் கட்டணம் எல்லாம் உட்பட 18 இலட்சம் ரூபா ஆகும்.

நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுதுவினைஞராக இருக்கிறேன். கையில் 6 இலட்சம் இருக்கிறது. மிகுதி 12 இலட்சத்தை வங்கியில் எடுக்க வேண்டும். வங்கி காணி உறுதியைக் கேட்கிறது. அந்தக் காணி என் மனைவிக்குச் சீதனமாக வந்த மூன்று பரப்பு. யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டப்படி அதை ஈடு வைப்பதற்கு அவரது கையெழுத்தோடு எனது எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும் என்று நொத்தாரிசு சொன்னார். இளைய மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். அந்த மூன்று பரப்பில் அவளுக்கும் பங்கு உண்டு என்பதை நினைத்தால் எனக்கு இரவில் நித்திரை வருவதில்லை.

மனைவி, படிப்புக்குப் போட்ட காசு ஒருநாளும் பழுதாகாது என்கிறார். லண்டனில் இருக்கும் மைத்துனரோ, அங்கே கலைப் பட்டம் படித்த பிள்ளைகள் தலைக்கு மேல் கடனோடு கடைகளில் காசாளராக நிற்பதைத் தான் கண்ணால் காண்பதாகவும், அதே பிழையை நாங்களும் செய்ய வேண்டாம் என்றும் சொல்கிறார். இரண்டு பேரும் பிள்ளையின் நன்மைக்காகவே பேசுகிறார்கள். கலைப் பட்டதாரி ஒருவர் இங்கே உழைக்கக்கூடிய பணத்தையும் இந்தக் கடனையும் எவ்வாறு ஒப்பிட்டுப் பார்ப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். விண்ணப்பத்துக்கான இறுதி நாள் இந்த மாத முடிவு.

நல்லூர், ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர்:

தம்பி, நான் ஒரு வங்கியின் கடன் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கி பட்டத்தின் பெயரைப் பார்த்துக் கடன் தருவதில்லை. காணியின் பெறுமதியையும் உங்களது சம்பளப் பட்டியலையும் பார்த்தே தருகிறது. ஆகவே வங்கி சம்மதித்துவிட்டது என்பதை, அந்தப் படிப்பு நல்ல படிப்பு என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளை படித்து முடித்தாலும் முடிக்காவிட்டாலும் வங்கிக்கு அதில் நட்டம் இல்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். வட்டி 14 வீதம் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வங்கி சொன்ன வீதம் வேறாக இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். 12 இலட்சத்தையும் இன்றைக்கே எடுத்து, படிக்கும் மூன்று ஆண்டுகளும் வட்டியை மட்டும் கட்டினால் மாதம் 14,000 ரூபா ஆகிறது. மூன்று ஆண்டுகளில் 5 இலட்சத்து 4 ஆயிரம் ரூபா போய்விடும். கடனின் முதல்தொகையில் ஒரு சதம்கூடக் குறைந்திருக்காது. அதன் பிறகு ஐந்து ஆண்டுகளில் முதலும் வட்டியுமாகக் கட்டி முடிப்பதென்றால் மாதத் தவணை 27,900 ரூபாவுக்குச் சற்று மேல் வரும். எல்லாவற்றையும் கூட்டி, உங்கள் கையிலிருந்து போகும் 6 இலட்சத்தையும் சேர்த்தால், 18 இலட்சம் என்று சொல்லப்பட்ட பட்டத்துக்கு நீங்கள் உண்மையில் கொடுப்பது ஏறத்தாழ 27 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. மகள் வேலைக்குப் போகாமல் இருக்கும் மூன்று ஆண்டுகளின் சம்பளம் இதில் சேரவில்லை.

எடுக்கத்தான் வேண்டுமென்றால் முழுத்தொகையையும் ஒரே தடவையில் எடுக்காமல் ஆண்டுக்கு 4 இலட்சமாக எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அப்படிச் செய்தால் படிப்புக் காலத்து வட்டி 5 இலட்சத்து 4 ஆயிரத்திலிருந்து 3 இலட்சத்து 36 ஆயிரமாகக் குறையும். பிள்ளை முதலாம் ஆண்டிலேயே இது தனக்குச் சரிவராது என்று கண்டுகொண்டால் மிகுதி 8 இலட்சம் கடனாகவே ஆகியிருக்காது. இந்த இரண்டாவது நன்மைதான் என் பார்வையில் பெரியது.

வட்டி நிலையானதா, மாறக்கூடியதா என்பதை உடன்படிக்கையில் நீங்களே வாசித்துப் பாருங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் வாயால் சொல்வதை நம்பிக் கையெழுத்து வைக்க வேண்டாம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்த எனது மருமகன் அந்த ஆண்டு முடிவில் ஒரு பழைய கடிதவுறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். வீட்டுக் கடனுக்காக அவர் மாதந்தோறும் கட்டிய தவணையில் முக்கால்வாசிக்கு மேல் வட்டிக்கே போய்க்கொண்டிருந்தது. அவருக்கு அப்போது நிரந்தரச் சம்பளம் இருந்தபடியால் சமாளித்தார். வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒரு புதிய பட்டதாரியின் பெயரில் அந்தக் கடன் இருந்திருந்தால் காணி கையை விட்டுப் போயிருக்கும்.

லண்டன் ஈஸ்ட் ஹாம், இணுவிலைச் சேர்ந்தவர்:

அண்ணா, உங்கள் மைத்துனர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் இங்குள்ள மாணவர் கடனை வைத்து அங்குள்ள வங்கிக் கடனை அளக்க முடியாது. இரண்டுக்கும் கடன் என்ற பெயர் பொதுவாக இருப்பதால் வரும் மயக்கம் இது.

இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவருக்கான கட்டணத்தின் உச்ச எல்லை 2025/26 இல் ஆண்டுக்கு 9,535 பவுண். மூன்று ஆண்டுகளுக்குக் கட்டணம் மட்டும் 28,000 பவுணைத் தாண்டுகிறது. வாழ்க்கைச் செலவுக்கான கடனும் சேரும்போது உங்கள் மைத்துனர் சொல்லும் மலைப்பான தொகை வருகிறது. ஆனால் 2023 ஓகஸ்டுக்குப் பிறகு படிப்பைத் தொடங்கியவர், ஆண்டு வருமானம் 25,000 பவுணைத் தாண்டும் வரை ஒரு பென்ஸ்கூடத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. தாண்டினால், தாண்டிய பகுதியில் 9 வீதம் சம்பளத்திலிருந்து கழிக்கப்படும். 30,000 பவுண் உழைப்பவருக்கு அது ஆண்டுக்கு 450 பவுண், மாதம் 37 பவுண் 50 பென்ஸ். வேலை போனால் கழிவும் நின்றுவிடும். 40 ஆண்டுகள் ஆனதும் மிகுதி தள்ளுபடி செய்யப்படும். கடைக் காசாளராக நிற்கும் அந்தப் பிள்ளையிடம் யாரும் வீட்டு உறுதியைக் கேட்டு வரமாட்டார்கள். உங்களுக்குக் கிடைக்கப்போகும் கடன், பிள்ளை உழைத்தாலும் உழைக்காவிட்டாலும் மாதம் பிறந்தால் தவணை கேட்கும் கடன்.

மைத்துனரின் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் இந்தக் கடன் இங்கு வந்து படிக்கும் உங்கள் மகளுக்குக் கிடைக்காது என்பதையும் சொல்லிவைக்கிறேன். வதிவிட உரிமையோடு சில ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவர்களுக்கே அது உண்டு. மாணவர் விசாவில் வருபவர் இதைவிடக் கூடிய கட்டணத்தைத் தன் கையிலிருந்தே கட்ட வேண்டும். ஊரில் சிலர் இதைத் தெரியாமல் காணி விற்றுப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

இங்கே பத்திரிகைகள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஓர் ஆய்வும் உண்டு. நிதிக் கற்கைகள் நிறுவகம் 2020 இல் வெளியிட்டது. வரியையும் கடனையும் கழித்த பிறகு, பட்டத்தால் வாழ்நாள் முழுவதும் கிடைக்கும் மேலதிக வருமானம் சராசரியாக ஆண்களுக்கு ஏறத்தாழ 130,000 பவுண், பெண்களுக்கு 100,000 பவுண் என்றும், ஐந்து பேரில் ஒருவர் பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் பணரீதியாகக் கூடுதல் நன்மை பெற்றிருப்பார் என்றும் அது மதிப்பிட்டது. கலைப் பட்டத்தால் பயனில்லை என்று சொல்பவர்கள், படைப்புக்கலைகளுக்குச் சராசரி ஆதாயம் ஏறத்தாழ ஒன்றுமில்லை என்று அதில் வரும் முடிவைக் காட்டுவார்கள். ஆனால் அங்கே பேசப்படுவது ஓவியம், இசை, நாடகம், வடிவமைப்பு முதலிய படிப்புகள். நம்முடைய ஊரில் அவை மருதனார்மடத்தில் உள்ள இராமநாதன் பீடத்தில் படிக்கும் துறைகள். தமிழ், வரலாறு, புவியியல், ஆங்கிலம் படிப்பவரையும் நாம் 'கலை படிக்கிறார்' என்றே சொல்கிறோம். ஒரு சொல் இரண்டையும் மூடிவிடுவதால் அந்த இலக்கத்தை உங்கள் மகளின் தலையில் வைக்க வேண்டாம்.

சாவகச்சேரி, அபிவிருத்தி உத்தியோகத்தர்:

ஐயா, நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் சிறப்புக் கலைமாணி முடித்தவள். பட்டமளிப்பு முடிந்த கையோடு வேலை வரும் என்று நினைத்த வீட்டில்தான் நானும் பிறந்தேன். 2017 இல் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் வேலை கேட்டுக் கொட்டகை போட்டுப் போராடியபோது, நானும் பல நாட்கள் அங்கே போய் இருந்திருக்கிறேன். பகலில் வெயில் தகரத்தில் இறங்கும். சிலர் வீட்டிலிருந்து சோற்றுப் பொதி கொண்டுவந்து பங்கிடுவார்கள், சிலர் மதிய நேரத்தில் எழுந்து ரியூசன் வகுப்பு எடுக்கப் போய்விட்டு மாலையில் திரும்பி வருவார்கள். 2020 இல் பட்டதாரிப் பயிலுநராக உள்வாங்கப்பட்டபோது மாதக் கொடுப்பனவு 20,000 ரூபா.

நல்லூர் ஐயா போட்ட கணக்கைப் பார்த்தபோது எனக்கு மனம் பதைத்தது. எனக்கு முதன்முதலாகக் கிடைத்த முழுக் கொடுப்பனவையும் அப்படியே வங்கியில் கட்டியிருந்தாலும் அந்தத் தவணைக்கு 7,900 ரூபா குறைந்திருக்கும். இப்போது சம்பளங்கள் கூடியிருக்கின்றன என்பது உண்மை. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகப் படிப்படியாக உயர்த்தப்படும் என்று அறிவித்தார்கள். ஆனால் அது நியமனம் கிடைத்தவருக்கு. நியமனம் வரும் வரையுள்ள ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு?

அந்த ஆண்டுகளை நான் கடந்ததற்கு ஒரே காரணம் எனது தலையில் கடன் இருக்கவில்லை என்பதுதான். இலவசக் கல்வியில் படித்தேன், மஹாபொலப் புலமைப்பரிசில் பணத்தில் போட்டோப்பிரதிக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்தேன், வேலை இல்லாத காலத்தில் அம்மாவின் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். காத்திருக்க முடிந்தது. என்னோடு கொட்டகையில் இருந்த ஒரு தோழி தம்பியின் வெளிநாட்டுப் பயணத்துக்காக எடுத்த கடனைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளால் காத்திருக்க முடியவில்லை. கிடைத்த துணிக்கடை வேலைக்குப் போனாள். அங்கே விடுமுறை கிடைக்காததால் போட்டிப் பரீட்சை ஒன்றுக்கும் தோற்ற முடியாமல் போயிற்று. அவளும் நானும் எடுத்தது ஒரே பட்டம், ஒரே வகுப்புச் சித்தி. கலைப் பட்டத்தின் பெறுமதி என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அவளுடைய முகம்தான் நினைவுக்கு வருகிறது.

இன்னுமொன்று. அரச வேலை என்ற எண்ணம் இருந்தால், அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்பதை நீங்களே எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். நிறுவனத்தின் வரவேற்பறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழை நம்ப வேண்டாம்.

கோண்டாவில் தகப்பன்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கணக்கை மகளையும் பக்கத்தில் இருத்தித்தான் வாசித்தேன். அவள் அதிகம் பேசவில்லை. தங்கச்சியின் பங்கு எவ்வளவு பரப்பு என்று மட்டும் கேட்டாள். வேறு வழிகள் இருந்தால் சொல்லுங்கள். அவளைப் படிப்பிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆங்கிலம் அவளுக்கு நன்றாக வரும். சிங்களமும் ஓரளவு வாசிப்பாள்.

யாழ் நகரம், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்:

உங்களது கடைசி இரண்டு வசனங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எனது அலுவலகம் ஓர் ஒடுங்கிய அறை, இரண்டு கதிரை, ஒரு பிரிண்டர். காலையில் திறக்கும்போதே வாசலில் நாலு பேர் நிற்பார்கள். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோப்பு இருக்கும். பழைய உறுதிகளில் எழுதுவினைஞரின் கையெழுத்து கலங்கலாக இருந்தால் ஒரு வரிக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டிவரும். நான் படித்ததும் கலைப் பட்டம்தான், அதுவும் வெளிவாரியாக. தமிழும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள் யாழ்ப்பாணத்தில் பலர் இருக்கிறார்கள். தமிழும் சிங்களமும் எழுத்தில் பிழையில்லாமல் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. 1987 இல் 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாகிய பின்பும், திணைக்களக் கடிதங்கள் சிங்களத்தில் வந்து இங்குள்ள மனிதர்கள் அவற்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். மூன்று மொழியும் எழுதத் தெரிந்த ஒரு பெண்பிள்ளைக்கு இந்த ஊரில் வேலை இல்லாமல் போகாது என்று நான் நம்புகிறேன். அந்த மொழித் திறமையை 18 இலட்சம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

வழிகள் என்று கேட்டீர்கள். கோப்பாய் தேசிய கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் வர்த்தமானி அறிவித்தல் வரும்போது தவறவிடாதீர்கள். இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் ஆண்டு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி, அதன் பின் ஆசிரியர் நியமனம் என்பது அதன் முறை. படிப்புக்குக் கட்டணம் இல்லை. என்னைக் கேட்டால், ஒரு பி, இரண்டு சி எடுத்த கலைப்பிரிவுப் பிள்ளைக்கு முதலில் தட்ட வேண்டிய கதவு இதுதான். வேலைக்கு வந்த பிறகு சம்பளத்திலிருந்தே பட்டத்தை வெளிவாரியாக முடித்த ஆசிரியர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிக் கலைமாணியும், திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாணப் பிராந்திய நிலையமும் உண்டு. அங்கெல்லாம் பகுதி பகுதியாகக் கட்டணம் கட்டிப் படிக்கலாம்.

கடன் எடுத்தே படிக்க வேண்டும் என்றால், அரச பல்கலைக்கழகம் கிடைக்காத மாணவருக்காக 2017 இல் தொடங்கப்பட்ட வட்டியில்லாக் கடன் திட்டத்தை முதலில் பாருங்கள். ஆரம்பத்தில் கற்கைக் கட்டணத்துக்கு 8 இலட்சம் ரூபா வரை கொடுத்தார்கள். வட்டியை அரசாங்கம் பொறுப்பேற்கிறது, திருப்பிச் செலுத்துவது படிப்பு முடிந்த பிறகு. ஆனால் உள்நாட்டில் பட்டம் வழங்குவதற்கு அங்கீகாரம் பெற்ற அரசுசாராத நிறுவனங்களின் குறித்த கற்கைநெறிகளுக்கே அது கிடைக்கும். நீங்கள் சொல்லும் வெளிநாட்டுப் பட்டத்துக்குக் கிடைக்காது. அவர்களது முகவர் வேறுவிதமாகச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

நல்லூர் ஐயாவிடம் ஒரு சிறிய மறுப்பு உண்டு. மூன்று ஆண்டுச் சம்பளத்தை இழப்பதாகச் சொன்னார். 19 வயதுப் பிள்ளை இங்கே வேலைக்குப் போனாலும் பெரும்பாலும் கடையிலோ தனியார் நிறுவன வரவேற்பறையிலோதான் இருப்பாள். அந்தச் சம்பளத்தை இழப்பதைவிட, அந்த வயதில் படிக்கும் பழக்கத்தை இழப்பது பெரிய இழப்பு. ஆகவே மேலே சொன்ன எதற்கு விண்ணப்பித்தாலும், பதில் வரும் வரைக்கும் பிள்ளையைச் சும்மா இருக்க விடாமல் சிங்களத்தைச் சரியாகப் படிப்பியுங்கள்.

நல்லூர், ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர்:

மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். தம்பி, அந்த நிறுவனத்துக்கு முற்பணம் ஏதும் கட்டிவிட்டீர்களா? கட்டியிருந்தால் பற்றுச்சீட்டில் 'திருப்பித் தரப்படமாட்டாது' என்று சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கோண்டாவில் தகப்பன்:

நல்ல காலம், கட்டவில்லை ஐயா. நேற்று நானும் மகளும் அந்த நிறுவனத்துக்குப் போய், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கடிதப் பிரதியைக் கேட்டோம். தலைமைக் காரியாலயத்திலிருந்து எடுத்துத் தருவதாகச் சொன்னார்கள், இன்னும் வரவில்லை. அதுவரை விண்ணப்பப் படிவம் நிரப்பப்படாமலேயே இருக்கும். காணி உறுதியை மனைவி திரும்பவும் மஞ்சள் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். கல்வியியற் கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து வருகிறாளாம். மகள் அவளிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். முதலாவது கேள்வி, அங்கே ஆங்கிலப் பாடநெறிக்கு எந்த மொழிமூலத்தில் நேர்முகத் தேர்வு நடக்கிறது என்பது. மொழிபெயர்ப்பாளர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள்: மாலை நேரத்தில் எழுத்துச் சிங்களம் படிப்பிக்கக்கூடிய ஒருவரை நகரத்துக்குள் தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.